அடுப்புக்கு வைத்த பொட்டு

தியாகராய நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஆணியடித்துத் தொங்கவிட்ட வயர்கள். நான் உள்ளே உட்கார்ந்தால், செட்டைக் கொண்டுவந்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனால் என் மண்டைக்கனத்துக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். "இது உனக்குத் தெரியுமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். தெரியாது என்ற வார்த்தையை நான் ஒரு வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. தெரியாத பொருளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துப் பார்ப்பேன். மறுநாள் காலையில், பிறந்ததிலிருந்தே அதைப் பற்றித் தெரிந்தவன் மாதிரி பேசுவேன். பெரும்பாலும் பலித்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடிந்து மூடியைப் பொருத்துவதற்கு முன்னால், பெட்டியின் உள்பக்கச் சுவரில் ஒரு துளி சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பேன். காலையில் கடையில் சாமி படத்துக்குக் குழைக்கிற சந்தனத்தில் கொஞ்சம் இதற்கென்றே மிச்சம் பிடித்து வைப்பேன். வெளியே வைத்தால் சிலருக்குப் பிடிக்காது, உள்ளே வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த பாய், தன் டிரான்சிஸ்டரை ஒரு நாள் திறந்து பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "இன்னா நைனா, எங்க செட்டுக்கும் பூஜையா?" என்று சிரித்தார். "பாட்டு நல்லா வருதா இல்லையா பாய்?" என்றேன். "அதெல்லாம் வருது" என்று போய்விட்டார். பக்தி என்றுதான் நான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கையெழுத்து. இந்தப் பெட்டியைப் பிழைக்க வைத்தவன் நான் என்று உள்ளே எழுதி வைப்பது.

எழுபதுகளின் கடைசியில், அடையாறு காந்தி நகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வீட்டம்மாவின் பழைய ரேடியோவை இரண்டு முறை நான் சரிசெய்திருந்தேன். அவர் மகன் அமெரிக்காவில் ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டு, மனைவியோடு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். சாமான்கள் எல்லாம் மரப்பெட்டிகளில் கப்பலில் வந்திருந்தன. அதில் ஒன்றைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதுதான் நான் பார்த்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு. கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. முகப்பில் விரலால் தொட்டாலே வேலை செய்கிற எண்கள். நெருப்பு கிடையாது, சிவந்து காய்கிற கம்பிச் சுருள் கிடையாது. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரை வைத்தால் இரண்டு நிமிடத்தில் கொதிக்கிறது, தம்ளர் வைத்த தட்டு சில்லென்று இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் தலை சுற்றியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெட்டிக்கு நம் ஊர் மின்சாரத்தில் பாதி போதும். அதற்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொருத்தி ஓடவிட்ட பிறகு, பெட்டியின் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ஏன் என்று மகனுக்கே புரியவில்லை. நான் யோசித்து, அவர்கள் ஊரில் மின்சாரம் வினாடிக்கு அறுபது முறை துடிக்கிறது, இங்கே ஐம்பதுதான், கடிகாரம் அந்தத் துடிப்பைத்தான் எண்ணுகிறது என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "பிரமாதம்" என்றார். அமெரிக்காவிலிருந்து வந்தவர் வாயால் வந்த அந்த ஒரு சொல்லில் நான் தரையில் கால் பாவாமல் நின்றேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.

எவர்சில்வர் பாத்திரத்தை உள்ளே வைக்கக் கூடாது, வைத்தால் பொறி பறந்து சுவரில் கறுப்பு விழும் என்று சொன்னார். அது காதில் விழுந்தது. கம்பி கோத்த நீளமான ஊசி ஒன்றை எடுத்துக் காட்டினார். கறியில் குத்தி வைத்தால் உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும், அதுதான் சென்சார் என்றார். "இதோட இன்னொரு முனையை..." என்று ஆரம்பித்தார். "தெரியும் சார்" என்றேன். அவர் நிறுத்திக்கொண்டார். ஊசியை யாரும் உபயோகிக்கவில்லை. அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

அந்த வீட்டில் சமைத்தவர் பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஒரு மகளைக் கட்டிக்கொடுத்து, இன்னொரு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வேலைதான் அவர்களுக்குச் சோறு. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எப்போது போனாலும், வீட்டம்மா சொல்வதற்கு முன்பே, காபியைக் கொண்டுவந்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பார். வேலை செய்துகொண்டிருந்தால் தம்ளரின் மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி வைப்பார். கடையில் மற்றவர்கள் வீட்டுச் செட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அப்படி யார் செய்வார்கள்?

"நெருப்பே இல்லாம வேவுதாமே. இன்னா மாயமோ போ" என்று முதலில் தள்ளி நின்றவர், வீட்டம்மாவை விடச் சீக்கிரம் அந்தப் பெட்டியைப் பழகிக்கொண்டார். எண் படிக்கத் தெரியும். எதற்கு எத்தனை நிமிடம் என்று சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். கண்ணாடிப் பாத்திரங்களைத் தனியாக ஓர் அலமாரியில் அடுக்கி, அங்கே ஒரு கரண்டியைக்கூட வைக்க விடமாட்டார். மருமகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பால் ஊறுவதற்கு வாரத்தில் இரண்டு நாள் சுறாப் புட்டு. பட்டினப்பாக்கத்தில் விடியற்காலையில் கரைக்கு வருகிற பால்சுறாவைத் தானே பார்த்து வாங்கி, மஞ்சள் போட்டு, அந்தப் பெட்டியிலேயே ஆவி பறக்க அவித்துப் புட்டு செய்வார்.

புரட்டாசி வந்தது. அந்த வீட்டில் அந்த ஒரு மாதம் மீன் கிடையாது. ஆயுத பூஜைக்கு வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீதான் இதுக்கு உயிர் குடுத்தவன். உன் கையாலயே பொட்டு வை" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், கிண்ணம் நிறைய. கதவில் வைத்தேன், மேலே வைத்தேன். பிறகு என் பழக்கம் வந்து கையைப் பிடித்து இழுத்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற சுவர். வலப்பக்கம், மேலே, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வட்டம், நடுவில் ஒரு சிறு துளை. காற்றுப் போக விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. கட்டை விரலால் சந்தனத்தை எடுத்து, உதிராமல் நிற்க வேண்டும் என்று நன்றாக அழுத்தி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா எனக்குப் பொரியும் கடலையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. பெட்டி பாதியில் நின்றுவிடுகிறது, மணி எண் தெரிகிற இடத்தில் ஏதோ ஓர் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் வந்து மினுக்குகிறது, கூடவே கீச் கீச்சென்று கத்துகிறது என்றார்கள். போனேன். தம்ளரில் தண்ணீர் வைத்தேன். கொதித்தது. எழுத்தும் வரவில்லை, எண்ணும் வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டே நாளில் மறுபடியும் ஆள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை போனபோது வீட்டம்மாவின் பேச்சில் காரம் கூடியிருந்தது.

"நான் பால் சுட வெச்சா வரல. மருமக காபி சுட வெச்சா வரல. இவ சமைச்சா மட்டும் வருது. அது என்னப்பா கணக்கு?"

எந்த ரிப்பேருக்கும் நான் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "எப்போலேர்ந்தும்மா?"

"ஆயுத பூஜை அன்னிக்கு நீ வந்தப்போ நல்லாத்தானே இருந்துது? புரட்டாசி முடிஞ்சு மீன் வாங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான்."

பதில் அந்த இரண்டு வாக்கியத்தில் முழுசாக இருந்தது. நான் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியோடு வந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். மகன் வேலைக்குப் போயிருந்தார். வழவழ தாளில் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் டிரான்சிஸ்டர் எண்களோடு நின்றுவிடும். அந்த எழுத்தையும் எண்ணையும் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் சென்சார் என்று இருந்தது. அதற்கு மேல் மூன்று வரி, ஒன்றும் புரியவில்லை. சென்சார் என்றால் அந்த ஊசி, ஊசிதான் மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறதே, மாட்டாத ஊசி எப்படிக் கெட்டுப்போகும்? வீட்டம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியவில்லை அம்மா, சார் வந்ததும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. என் நாக்கு எழும்பவில்லை.

கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரெல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. வலப்பக்கம் என் பொட்டு மட்டும் சற்றுக் கரைந்து, ஒரு மஞ்சள் கோடாக இறங்கியிருந்தது. அக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"டெய்லி தொடைக்கறேன் நைனா. அத்த மட்டும் தொடல. நீ பூஜ பண்ணி வெச்சதாச்சே, அத்தப் போயி எப்டித் தொடைக்கறது?"

எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

புத்தகத்தை மூடினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ள எவர்சில்வர் போயிருக்கும்மா. அதான் சென்சார் அடி வாங்கியிருக்கு" என்றேன்.

அக்கா பதறிப்போய் அலமாரியைத் திறந்து, கண்ணாடிப் பாத்திரத்தையும் அதன் மூடியையும் எடுத்துக் காட்டினார். "நான் வெக்கலமா. சத்தியமா வெக்கல. இதுலதான் அவிக்கறேன். இத்தத் தவிர வேற எதுவும் தொடறதில்ல."

"உண்மையைச் சொல்லிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் வீட்டம்மா. அப்படிச் சொல்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு நைனா. நான் இன்னாத்த வெச்சிக்கினு வேல செய்யறேன்னு நீதான் பாத்துக்கினு கீறியே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எவர்சில்வர் வைத்திருந்தால் சுவரில் கறுப்பு விழுந்திருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது. என்ன கோளாறு என்று தெரியாவிட்டாலும், நான் சொன்னது பொய் என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரியும். டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே சொன்னேன்: "மெஷின் பொய் சொல்லாதுக்கா."

அவர் பாத்திரத்தைத் துணியால் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார். அன்றைக்கும் எனக்குக் காபி வந்தது. தட்டு போட்டு மூடியிருந்தது.

அடுத்த வாரம் அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது, பெட்டி மறுபடியும் மக்கர் செய்து நான் போனபோதுதான் தெரிந்தது. வீட்டம்மாவே சமைத்துக்கொண்டிருந்தார். "இட்லி வெச்சேன், அதே எழுத்து. போகும்போது ஒரேயடியாக் கெடுத்து வெச்சிட்டுப் போயிட்டா. செஞ்சதை ஒத்துக்கிட்டிருந்தாக்கூட விட்டிருப்பேன். பொய் சொல்றவளை எப்படி வீட்ல வெச்சுக்கறது?" என்றார். எதிர்வீட்டில் அக்காவை வேலைக்குக் கேட்டார்களாம், வீட்டம்மா அவர்களிடமும் இதையே சொல்லிவிட்டாராம். நான் பையை இறக்கி வைத்தேன்.

இந்தத் தடவை அந்த ஊசியை மாட்டித்தான் பார்ப்போமே என்று கேட்டு வாங்கினேன். ஒரு முனை கூர்மை. இன்னொரு முனையில், ஹெட்ஃபோனுக்கு இருப்பது போல உருண்டையான ஒரு பின். செருகுவதற்கு இடம் வேண்டுமே என்று இடப்பக்கச் சுவரைத் தடவினேன். பின்சுவரைத் தடவினேன். மேலே பார்த்தேன். எங்கேயும் இல்லை. அந்தப் பின் நுழைகிற அளவுக்கு அந்தப் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு துளை. அதன் மேல் என் பொட்டு இருந்தது.

சமையலறையில் நான் மட்டும்தான் இருந்தேன். துணியை நனைத்துத் துடைத்தேன். வேகவைத்த இட்லியின் ஈரத்தில் சந்தனம் குழைந்து கிடந்தது. வாசனைகூடப் போகவில்லை. குண்டூசியால் துளைக்குள் நெம்பினேன், உள்ளே வரைக்கும் அடைத்துக்கொண்டிருந்தது. அப்படி அழுத்தி வைத்திருந்தேன். காய்ந்து கிடக்கும்போது அது சும்மா இருந்திருக்கிறது. நன்றாக ஆவி கட்டினால் ஈரமாகி, ஊசியின் பின் தொடுவதற்கென்று உள்ளே இருக்கும் இரண்டு தகடுகளையும் சேர்த்துவிடுகிறது. ஊசி மாட்டியிருப்பதாகவும், அது கெட்டுப்போனதாகவும் பெட்டி நினைத்துக்கொண்டு கத்துகிறது. பால் சுட வைத்தால் அவ்வளவு ஆவி வராது. தம்ளர் தண்ணீருக்கும் வராது. கால் மணி நேரம் சுறாவை அவித்தால் வரும். மெஷின் பொய் சொல்லவில்லைதான்.

ஸ்பிரிட் தொட்டுத் துளையைச் சுத்தம் செய்தேன். ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து, மூடி போட்டு, இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். கண்ணாடியெல்லாம் ஆவி. எழுத்து வரவில்லை. வீட்டம்மா வந்து பார்த்தார்.

"சரியாயிடுச்சா? என்னப்பா பண்ணினே?"

"சென்சாரைச் சரி பண்ணிட்டேம்மா."

"கெட்டிக்காரன்ப்பா நீ. அவ பண்ணி வெச்ச வேலைக்கு, வேற யாரா இருந்தாலும் புதுசு வாங்குன்னு சொல்லியிருப்பான்."

மஞ்சளும் சிவப்புமாக இருந்த துணி என் கையில் இருந்தது. அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாய் திறந்திருந்தால் போதும், அக்காவை மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். அப்புறம் அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க முடியாது, 'பிரமாதம்' என்ற சொல்லும் போய்விடும், அவ்வளவுதானே? அந்த அவ்வளவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். நான் கோழை என்று எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் என்னை ரோஷக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பெட்டிக்குள்ளும் பொட்டு வைக்கவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம்?

பட்டினப்பாக்கத்துக்கு இரண்டு முறை போய், பஸ் நிறுத்தத்திலேயே நின்று திரும்பினேன். மூன்றாம் முறை போனபோது தை பிறந்துவிட்டது. அக்கா ரோட்டோரத்தில், தன் தங்கையின் மீன் கடையில் உட்கார்ந்திருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. நான்தான் முதலில் பேச வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அட, மெக்கானிக்கு! வா நைனா. இன்னா இந்தப் பக்கம்? பொட்டி சரியாப்போச்சா?"

"போச்சுக்கா."

"இன்னா ஆச்சாம் அதுக்கு?"

கேட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ராவும் பகலும் ரோசன பண்ணிக்கினே கெடந்தேன் நைனா. ஒரு தபாகூட வெக்கலன்னுதான் எனுக்கு ஞாபகம். ஆனாக்க நீ பாத்துட்டு சொன்னியே. கை மறதில எதுனா வெச்சுட்டனோ, இன்னாவோ. பெரியவ வூட்ல கொயந்தைக்கு ஒடம்பு சரியில்லாத நேரம் அது, நெனப்பு எங்கியோ இருந்திருக்கும். நான்தான் பண்ணிக்கினேனா? சொல்லு, கோச்சுக்க மாட்டேன்."

அவர் தன் மேலேயே சந்தேகப்படும்படி நான் செய்திருந்தேன். எதிரே நின்று, இரண்டே வார்த்தையில் அதை எடுத்துவிட்டிருக்கலாம். கூறு கட்டிய மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலக்கா" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"போவட்டும் வுடு. உனுக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்" என்றார் அக்கா. ஒரு கூறு நெத்திலியை இலையில் வைத்து, மேலே இன்னொரு கை அள்ளிப் போட்டு, நூலால் கட்டி என்னிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.